பெட்ரோமாக்ஸ் உயரம்

நவம்பர் 11, திங்கள்

கரகாட்டக்கார அக்காவுக்கு நோட்டீஸுக்குப் படம் எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டாயிற்று. தை பிறந்தால் கோயில் கமிட்டிக்காரர்கள் புக்கிங்குக்கு வரத் தொடங்குவார்கள். மாசி, பங்குனி, சித்திரை என்று ஆடி வரைக்கும் ஓட்டம்தான். இப்போது அடைமழை, ஆட்டம் கிடையாது, ஆள் வீட்டில் இருக்கிறார்.

கைவசம் இருந்த பழைய படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எல்லாமே திருவிழாவில் யாரோ செல்போனில் எடுத்தவை. மேடைக்குக் கீழே நின்றுகொண்டு போனை மேலே தூக்கிப் பிடித்து எடுத்திருக்கிறார்கள். முழங்காலும் பாவாடை விளிம்பும் படத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. முகம் எலுமிச்சம்பழ அளவு. கரகம் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டுவிட்டது. கரகாட்டப் படத்தில் கரகத்தைக் காணோம்!

போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “தம்பி, கரகம் தெரியணும், முகம் தெரியணும், பாதம் தெரியணும். கீழ உக்காந்து மட்டும் எடுக்காதீங்க.”

ஸ்டுடியோவுக்கு வாங்க என்றேன். செம்பு, சலங்கை, துணிமணி எல்லாவற்றையும் மழையில் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வர முடியாதாம். போதாததற்குத் தவில் வேறு. “வீட்டுலயே எடுங்க. ஒரு பல்பு போட்டா பத்தாதா?” பத்துமா என்று பார்க்க வேண்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

இடம் பார்க்கப் போனேன். திருப்பரங்குன்றம் தாண்டி உள்ளே போக வேண்டும். தொகுப்பு வீடு. ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். சுவர் முழுக்கக் கிளிப்பச்சை டிஸ்டம்பர். இந்தப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கலாம், கேமராவுக்கு வில்லன். சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமும் பச்சையாகத்தான் திரும்பும். கன்னத்தின் ஓரம் மஞ்சள்காமாலைக்காரர் மாதிரி ஆகிவிடும். பக்கச் சுவரை வெள்ளை வேட்டியால் மூடிவிட வேண்டியதுதான். நல்லவேளையாக மேலே சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள்.

அடுத்தது ஃபேன். கரகத்தைத் தலையில் வைத்துக் காட்டச் சொன்னேன். செம்பு, அதற்கு மேல் ஜிகினாவும் காகிதப் பூவும் சுற்றிய கூடு, அதன் உச்சியில் கம்பியில் சுழலும் கிளி. எல்லாம் சேர்ந்து ஃபேன் இறக்கைக்கு ஒரு சாண் கீழே நின்றது. அக்கா அசையாமல் கண்ணை மட்டும் மேலே தூக்கிப் பார்த்துவிட்டு, “டேய், கழட்டுடா இதை” என்றார். அவர் பையன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படிக்கிறான். ஸ்டூல் போட்டு ஏறி, கொக்கி மட்டும் மிஞ்சும்படி இறக்கிவிட்டான். புழுக்கம் தொடங்கிவிட்டது. மேக்கப் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவில்லை.

கேமராவை எங்கே வைப்பது? ஹாலுக்குள்ளேயே நின்றால் அகல லென்ஸ் போட்டாக வேண்டும். அது ஓரத்தில் இருப்பதை இழுத்து நீட்டும். கரகம் படத்தின் மேல் ஓரத்தில்தான் வரும், பாதம் கீழ் ஓரத்தில். அக்கா தெரிய வேண்டும் என்று கேட்ட இரண்டுமே கோணிப்போகும். அதனால் வாசற்படியைத் தாண்டித் தெருவில் நின்று 50 எம்எம் லென்ஸில் எடுக்கலாம் என்று முடிவு. நிலைக்கதவு அகலம் போதும். மழைக்கு ஒருவர் குடை பிடிக்க வேண்டும்.

நவம்பர் 14, வியாழன்

இன்று வெளிச்சத்துக்கு மட்டும் ஒத்திகை. சாதாரணப் பாவாடை தாவணியில்தான் நின்றார், கரகம் மட்டும் தலையில்.

ஃபேன் கொக்கி சும்மா இருக்கிறதே என்று 20 வாட் எல்இடி பல்பு ஒன்றை அதில் தொங்கவிட்டான் பையன். கண்ணுக்குப் பிரமாதம். படத்தில் பார்த்தால் முகமே இல்லை. செம்பு குடை மாதிரி நெற்றியிலிருந்து மோவாய் வரை நிழலை விரித்துவிட்டது. கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. வேறு ஆட்டக்காரர்களுக்கு உச்சி விளக்கு ஒத்துப்போகும். தலையில் சுமையோடு ஆடுகிறவருக்கு ஆகாது. திருவிழா மேடைகளில் உயரத்தில் கட்டுகிற ஃபோகஸ் லைட்டுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. மேலேயிருந்து முகத்தை அணைத்துவிடுகின்றன. அதைச் சரிக்கட்டக் கீழேயிருந்து ஒரு வண்ண விளக்கைப் போடுகிறார்கள். அப்புறம் யார் முகமும் பேய் முகம்தான்.

ஜன்னல் வெளிச்சத்தையும் பார்த்தேன். வடக்குப் பார்த்த ஜன்னல், மழை மேகம், மென்மையான நல்ல வெளிச்சம். நின்று எடுக்க உத்தமம். ஆடும்போது எடுக்கப் போதாது. ஐஎஸ்ஓவை ஏற்றினால் ஜிகினா எது, புள்ளி எது என்று தெரியாது.

கிளம்பும்போது ஒன்று கவனித்தேன். தலையிலிருந்து செம்பை இறக்கியதும் கீழே வைப்பதற்கு முன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்கிறார். ஒத்திகைக்குக்கூட. சக்திக் கரகத்தை ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. “அது ஆத்துலயோ குளத்துலயோ தண்ணி மோந்து, வேப்பிலை கட்டி, அம்மனா வர்றது. போட்டோவுக்கு நிக்காது. இது ஆட்டக் கரகம், தொழிலு. இதை எத்தனை வேணும்னாலும் எடுங்க.” அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

நவம்பர் 16, சனி

கார்த்திகை ஒன்று. தெருவெல்லாம் மாலை போட்டவர்கள். படம் எடுக்கவில்லை. காபிக்கு உட்கார்ந்ததில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பிரயோசனமாகத்தான் போனது.

அக்காவின் அம்மாவும் கரகாட்டம்தான். அந்தக் காலத்தில் கிராமங்களில் மேடை ஏது, மந்தையில் சுற்றி உட்கார்ந்திருக்கும் சனத்துக்கு நடுவே வெறும் மண்ணில் ஆட வேண்டியதுதான். வெளிச்சத்துக்குப் பெட்ரோமாக்ஸ். “தலையில வச்சுக்கிட்டு ஒருத்தர் கூடவே சுத்தி வருவாரு. அம்மா இங்கிட்டுத் திரும்புனா அவரும் இங்கிட்டு வருவாரு. அவருக்கும் ஆட்டம் தெரிஞ்சிருக்கணும். இல்லேன்னா இருட்டுலதான் ஆடணும்.”

கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விளக்கு ஆள் தலை உயரத்தில் இருந்திருக்கிறது. செம்புக்கு மேலே இல்லை, செம்புக்குப் பக்கத்தில். நிழல் முகத்தில் விழாது, பின்பக்கம் போய்விடும். ஒரே ஒரு விளக்கு, அதுவும் பக்கவாட்டில் என்பதால் மூக்கு, கழுத்து நரம்பு, முழங்கை எல்லாம் புடைத்துத் தெரிந்திருக்கும். விளக்குப் பிடிக்கிறவர் ஆட்டக்காரரோடு நகர்ந்ததால் இருவருக்கும் நடுவில் இருந்த தூரமும் பெரிதாக மாறியிருக்காது.

கூட உட்கார்ந்திருந்த தவில்காரர், தவில் மாமா, குறுக்கிட்டு, “கரகாட்டக்காரன் படத்துல காட்டுன மாதிரி எல்லாம் இருக்காது தம்பி” என்றார். 1989இல் வந்த அந்தப் படத்தின் பேரைச் சொன்னாலே ஊருக்கு வாழைப்பழக் காமெடிதான் ஞாபகம் வருகிறது. ஆட்டம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது!

பெட்ரோமாக்ஸ் இப்போது கிடைத்தாலும் இந்தச் சின்ன ஹாலுக்குள் அந்தச் சூடு ஆகாது. உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நவம்பர் 17, ஞாயிறு

ஒட்டடைக்கம்பை வெட்டி, நுனியில் ஹோல்டரும் வார்ம் ஒயிட் பல்பும் பொருத்தினான் பையன். அவன்தான் இனிப் பெட்ரோமாக்ஸ்காரன். பல்புக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்கு மல் வேட்டித் துண்டு, துணி பல்பைத் தொடாமல். வெளிச்சம் விரிந்து மெத்தென்று விழுகிறது.

பல்பு வாங்கும்போதே கடையில் செல்போன் கேமராவைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். மலிவு எல்இடி என்றால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தரம் ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். 1/200 வைத்தால் படத்தில் பட்டை விழ வாய்ப்புண்டு. 1/100 அல்லது 1/50இல் நிறுத்திக்கொண்டால் ஒவ்வொரு படத்துக்கும் முழு ஏற்ற இறக்கம் கிடைத்துவிடுவதால் தொல்லை இல்லை.

முகத்துக்கு நாலடி தள்ளிப் பல்பு. முகம் நன்றாக வந்தது, பாதம் இருண்டுவிட்டது. தலை உயரத்து விளக்கிலிருந்து பாதத்துக்கு ஆறடிக்கு மேல் தூரம். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும் என்பதுதான் கணக்கு. முகத்துக்கு விழுவதில் பாதிகூடச் சலங்கைக்குப் போய்ச் சேரவில்லை. எதிர்ப்பக்கம் தரையோரமாகத் தெர்மாகோல் அட்டை ஒன்றைச் சாய்த்து வைத்ததும் பாதம் எழுந்து வந்தது. ஸ்டுடியோக்காரன் எவனும் தெர்மாகோல் இல்லாமல் பிழைக்க முடியாது.

பெரிய சண்டை செம்போடுதான். நேற்று ராத்திரி புளி போட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருக்கிறார். உருண்டையான பளபளப்புக்கு எதிரில் இருப்பதெல்லாம் அதில் விழும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் செம்பின் வயிற்றில் பல்பு, பையன், வாசல், குடை, குடைக்குக் கீழே நான், எனக்குப் பின்னால் எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயும் துணி வரை இருக்கிறது. பல்பு வெள்ளைப் புள்ளியாகச் சுட்டெரிக்கிறது. வழக்கமான வைத்தியம் லேசாகப் பவுடர் தடவி மங்கச் செய்வது. கேட்டேன்.

“கரகத்துல பவுடரா? நல்லாக் கேட்டீங்க போங்க.”

நியாயம்தான். கமிட்டிக்காரன் படத்தைப் பார்க்கும்போது செம்பு மின்ன வேண்டும். ஆட்டக்காரி தொழிலை எப்படி வைத்திருக்கிறாள் என்பதை அந்த மினுக்கில்தான் பார்ப்பானாம். செம்பை மாற்ற முடியாதென்றால் செம்பு பார்க்கிற காட்சியை மாற்ற வேண்டியதுதான். பல்புக்கு முன்னால் இருந்த துண்டை எடுத்துவிட்டு முழு எட்டு முழ வேட்டியைக் கொடியில் விரித்துக் கட்டினோம். இப்போது செம்பில் விழுவது பல்பு இல்லை, வேட்டி. வெள்ளைப் புள்ளி போய், நீளமான பால் நிறக் கோடு செம்பின் வளைவோடு ஓடுகிறது. வாசல் பக்கம் அக்காவின் பழைய கறுப்புப் புடவை ஒன்றை, லென்ஸ் நுழைய மட்டும் இடம் விட்டுத் தொங்கவிட்டதில் தெருவும் நானும் மறைந்தோம். கறுப்பு விழுந்த ஓரம் செம்புக்கு ஒரு விளிம்பு கொடுத்துவிட்டது. பவுடர் தடவியிருந்தால் இந்த விளிம்பு வந்திருக்காது.

நவம்பர் 18, திங்கள்

பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. போகவில்லை.

நவம்பர் 20, புதன்

முழு வேஷத்தில் இன்று. பான்கேக், ரோஸ், நெற்றியில் பெரிய பொட்டு, சலங்கை. உடுப்பு விஷயத்தில் அவரே முடிவெடுத்திருந்தார். மேடைக்குப் போடும் குட்டைப் பாவாடை வேண்டாம், கணுக்கால் வரை வரும் பழைய ஜரிகைப் பாவாடை. “கமிட்டிக்காரங்க கேக்குறது வேற, போலீஸு போடுற கண்டிசன் வேற. நடுவுல நாங்க. போட்டோவுலயாச்சும் எனக்குப் பிடிச்சதைப் போட்டுக்கிறேன்.” அவர் அம்மா கண்டாங்கிச் சேலையில்தான் ஆடினாராம்.

செல்போனில் நையாண்டி மேளம் போட்டு ஆட வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். சின்ன ஸ்பீக்கரில் நாதசுரமும் பம்பையும் கீச்சென்று வந்தன. இரண்டு சுற்று ஆடிவிட்டு நின்றுவிட்டார். “கால் எழும்பலை.” தவில் மாமா தானாகவே தவிலை எடுத்து மூலையில் உட்கார்ந்தார். கூடு போடாமல் வெறும் விரலால், குச்சியையும் அடக்கித் தட்டினார். அந்த ஹாலுக்கு அதுவே அதிகம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் என் குடைக்குக் கீழே வந்துவிட்டார்கள்.

எனக்கும் தவில்தான் கை கொடுத்தது. அசைவைக் கண்ணால் பார்த்துவிட்டு விரலை அழுத்தினால் அந்த அசைவு முடிந்திருக்கும். தவில் தீர்மானம் வைக்கும்போது ஒரே கோர்வை மூன்று முறை வரும். முதல் முறையிலேயே புரிந்துவிடும், மூன்றாவதன் கடைசி அடியில் அவர் சட்டென்று நிற்பார் என்று. அந்த அடிக்கு ஒரு மயிரிழை முன்னால் அழுத்த வேண்டும். கை நீண்டு, ஒரு கால் தூக்கி, கழுத்து நேராக. நின்ற பிறகும் கிளி மட்டும் கொஞ்ச நேரம் சுழன்றுகொண்டிருக்கிறது.

நின்ற படங்கள் போதுமான அளவு கிடைத்ததும், சுற்று ஆடச் சொன்னேன். நான் முக்கியமாக எடுக்க ஆசைப்பட்டது இதைத்தான். கரகாட்டத்தின் வித்தை மேலே செம்பு நிற்பதும் கீழே எல்லாம் ஓடுவதும் ஒரே உடம்பில் நடப்பது. 1/100இல் எடுத்தால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உறைந்துபோய், செம்பு அங்கே பசை போட்டு ஒட்டியது போலத் தோன்றுகிறது. ஆட்டமே தெரியவில்லை. ஷட்டரை 1/8க்கு இறக்கினேன். சுழலும்போது அச்சில் இருப்பது இடம் மாறாது, அச்சிலிருந்து விலக விலகத்தான் ஓட்டம் அதிகம். செம்பு அச்சில் இருக்கிறது. அது உருண்டையும்கூட, தன்னைத் தானே சுற்றினாலும் வடிவம் மாறப் போவதில்லை. அதனால் செம்பு கூர்மையாக வந்தது. பாவாடை விளிம்பு பெரிய வட்டமாகக் கரைந்தது. ஆனால் முகமும் சேர்ந்து கரைந்துவிட்டது. அக்கா கேட்ட மூன்றில் ஒன்று போய்விட்டால் அந்தப் படம் எனக்கு மட்டும்தான் உபயோகம்.

அதற்கு ஃப்ளாஷ் வேண்டும். வேட்டிக்குப் பின்னால், பல்புக்குப் பக்கத்திலேயே, அதே தலை உயரத்தில் ஃப்ளாஷை வைத்தேன். அது நேராகக் கொட்டுகிற வெளிச்சம் வெள்ளை, பல்பு மஞ்சள். இரண்டும் கலந்தால் முகம் நீலம் பாயும், பாவாடை ஆரஞ்சாகும். ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கிய மஞ்சள் கண்ணாடிப் பேப்பரை ஃப்ளாஷ் வாயில் ஒட்டியதும் இரண்டும் ஒரு குடும்பத்து நிறமாகிவிட்டன. ஷட்டர் திறந்ததுமே ஃப்ளாஷ் அடிக்காமல், மூடப் போகிற நேரத்தில் அடிக்கும்படி மாற்றிவைத்தேன். முதலில் பல்பு பாவாடையின் ஓட்டத்தைக் கோடாக இழுக்கிறது, கடைசியில் ஃப்ளாஷ் முகத்தை நிறுத்துகிறது. முன்னாலேயே அடித்தால் ஓட்டம் முகத்துக்கு முன்னே ஓடி, ஆள் பின்னோக்கிச் சுற்றுவது போல ஆகிவிடும்.

முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது ஃப்ளாஷ் அடிக்கும் என்பது அதிர்ஷ்டம். பின்தலை நிறையக் கிடைத்தது. மேக்கப் வழியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டோம். பையன் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, “மாமா, அம்மா ஆடுறதைவிட இதைப் பிடிக்கிறதுதான் கஷ்டம்” என்று கையை உதறினான். அக்காவிடமிருந்து ஓர் அடி விழுந்தது.

நவம்பர் 21, வியாழன்

நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால். கழித்தது போக மிஞ்சியவை கொஞ்சம்தான்.

கேமரா உயரத்தைப் பற்றி ஒன்று எழுதிவைக்க வேண்டும். நெஞ்சு உயரத்தில், கிட்டத்தட்ட நாலடியில் வைத்திருந்தேன். தரையிலிருந்து கிளி வரையுள்ள உயரத்தில் சுமார் பாதி அது. மேலும் கீழும் சமமாக விரிவதால் செம்பும் பாதமும் அதனதன் அளவில் நிற்கின்றன. இதை லென்ஸ் கணக்கு என்றும் சொல்லலாம், மரியாதை என்றும் சொல்லலாம். திருவிழாப் படங்களில் இரண்டுமே இல்லை. கரகாட்டம் என்றாலே ஆபாசம் என்று பேசுகிறவர்கள், அந்த வீடியோக்கள் எந்த உயரத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்பதையும் ஒரு தரம் பார்க்கலாம்.

சுற்றுப் படங்களில் எதை வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் தளத்துக் கரணச் சிற்பங்கள் ஞாபகம் வந்தன. 108இல் 81தான் செதுக்கியிருக்கிறார்கள், மீதி 27க்கும் கல் வெறுமையாகவே நிற்கிறது. கரணம் என்பது கையும் காலும் சேர்ந்து செய்யும் முழு அசைவு. அதில் ஒரு கணத்தைத்தான் கல்லில் நிறுத்த முடியும். எந்தக் கணம் என்று யார் தேர்ந்தார்கள், ஆடியவரா, சிற்பியா? சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் குடக்கூத்தும் ஒன்று. கண்ணன் குடமெடுத்து ஆடியதாகச் சொல்லப்படுவது. கரகத்துக்கு முன்னோடி அதுதான் என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு. அதற்கு யாரும் கல்லில் 108 நிலை வகுத்து வைக்கவில்லை. தெருவில் ஆடுகிற ஆட்டத்துக்குக் கோயில் சுவர் கிடைக்காது போல.

நவம்பர் 24, ஞாயிறு

படங்களை டேப்லெட்டில் கொண்டுபோய்க் காட்டினேன். குடும்பமே சுற்றி உட்கார்ந்தது.

எனக்குப் பிடித்தது சுற்றுப் படம். செம்பு வெட்டி வைத்தது போல நிற்கிறது, அதில் பால் நிறக் கோடு. முகம் முக்கால் பக்கம் திரும்பிப் பாதிச் சிரிப்பு. பாவாடை புகையாகிவிட்டது. ஒரு பாதம் தரையில் அழுந்தியிருக்கிறது, சலங்கையில் சில மணிகளை எண்ணலாம். தவில் மாமாவுக்குத் திருப்தியில்லை. “கை ரெண்டும் கலங்கிப் போச்சே தம்பி.”

“ஆடுனா கலங்காமக் கிடக்குமா?” என்றார் அக்கா. அதற்காக அதையே நோட்டீஸுக்கு எடுத்துக்கொள்ளவும் இல்லை. நோட்டீஸுக்கு அவர் எடுத்தது தீர்மானத்தில் நின்ற படம். நேரே பார்த்து, ஒரு கால் தூக்கி, ஜரிகை நூல் நூலாகத் தெரிய, கிளி உட்பட எல்லாம் அசையாமல். கமிட்டியில் பத்துப் பேர் கை மாறும் காகிதத்துக்கு அதுதான் சரி, மறுக்க முடியாது. புக்கிங் பண்ண வருகிறவன் பாவாடைப் புகையை ரசித்துக்கொண்டிருக்க மாட்டான். சுற்றுப் படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டில் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் பண்ணி, அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். அம்மா படம் ஸ்டுடியோவில் எடுத்தது. கரகம் இல்லாமல், பிளாஸ்டிக் பூச்சாடியில் கை வைத்து நிற்கிறார்.

அக்காவின் மகள் நோட்டீஸ் படத்தைப் பார்த்துவிட்டு, நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டைக்கும் இதையே வெட்டிக்கொள்ளலாம் என்றாள். முகம் அவ்வளவு தெளிவு. அதற்குக் கரகம் இல்லாமல் பாஸ்போர்ட் சைஸ்தான் வேண்டும் என்று விளக்க வேண்டியிருந்தது. வாசலில் நிற்க வைத்து அதையும் எடுத்துக் கொடுத்தேன்.

“போன் நம்பர் எங்க போடுவீங்க?” என்றார் அக்கா. கிளிக்கு மேலே நிறைய இடம் விட்டிருப்பதைக் காட்டினேன். பிரிண்டிங் பிரஸ்காரரிடம் போனில் சொன்னால் அவர் வேறு யோசனை சொல்கிறார். பின்னணியை வெட்டி எடுத்துவிட்டு மீனாட்சியம்மன் கோபுரத்தையும் இரண்டு பக்கமும் மயிலையும் வைத்தால் எடுப்பாக இருக்குமாம். மயிலுக்கு அக்கா சம்மதித்துவிட்டார். கோபுரத்தையாவது விரட்ட முடியுமா என்று நாளைக்குக் காலையில் பிரஸ்ஸுக்குப் போய்ப் பேச வேண்டும்.